ஆகாயத்துக்குக் குத்தகைச் சீட்டு

ஐந்து வருஷக் குத்தகைக்கு நிலம் பிடித்த குடியானவன் அந்த நிலத்தில் கிணறு வெட்டுவானா? வரப்போரத்தில் தென்னை வைப்பானா? தவணை முடிந்ததும் சீட்டு மாறுமோ மாறாதோ என்ற பயத்திலேயே காலம் தள்ளுகிறவன், இந்தப் போகத்துக்கு வேண்டிய எருவைக்கூட அளந்துதான் போடுவான். நில விஷயத்தில் நம் தேசத்தார் யாவரும் அறிந்த இந்த நியாயம், ஆகாய விஷயத்தில் தில்லிக் காரியாலயங்களின் காதில் ஏறுவதற்கு வெகு காலம் பிடித்தது. ஊர் ரேடியோ என்றும் சமூக வானொலி என்றும் வழங்கும் சிறு ஒலிபரப்பு நிலையங்களுக்கு 2006-ஆம் வருஷத்து விதிகள் தந்தது ஐந்து வருஷ அனுமதிதான். 2024 பிப்ரவரியில் வெளியான புதிய விதிகள் முதல் தவணையைப் பத்து வருஷமாக்கின. இது நல்ல காரியம்; சர்க்கார் செய்ததென்பதற்காக இதைப் பாராட்டாமல் விடுவது நம் வழக்கமல்ல. ஆனால் குத்தகையின் காலம் நீண்டதே தவிர, குத்தகை குத்தகையாகவே இருக்கிறது. தவணை முடிந்ததும் நிலையத்தார் யார் முன்பு போய் நிற்கவேண்டும்? அங்கே அவர்களைக் கேட்கப்போகும் கேள்வி என்ன? அந்த நிலையம் நன்றாகப் பேசிற்றா, வீணாகப் பேசிற்றா என்பதற்கு யாரைச் சாட்சியாக அழைக்கப்போகிறார்கள்? நமது ஆக்ஷேபம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஊர் ரேடியோ என்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். பெரிய பட்டணங்களில் சினிமாப் பாட்டும் சிரிப்பும் விளம்பரமுமாக நாள் முழுதும் முழங்கும் வியாபார நிலையங்களை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது. ஊர் ரேடியோவின் அலைபரப்புச் சக்தி விதிப்படி நூறு வாட். நம் வீடுகளில் முன்னாளில் தொங்கிய பெரிய குண்டு பல்பு ஒன்று தின்னும் மின்சாரம் அவ்வளவுதான். கம்பம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் உயரலாகாது. இந்தக் கம்பத்திலிருந்து கிளம்பும் பேச்சு ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரை எட்டும். அதற்கப்பால் நிசப்தம். லாபத்துக்காக நடத்தக்கூடாது. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் அந்தச் சுற்று வட்டாரத்திலேயே, அங்குள்ள ஜனங்களின் பங்கோடு தயாராக வேண்டும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் வரை பதிவாக வைத்திருந்து, கேட்டால் காட்டவேண்டும். கல்லூரி, விவசாய விஞ்ஞான நிலையம், தொண்டு ஸ்தாபனம் ஆகியவையே இதை நடத்தலாம். தனி மனிதருக்கும் அரசியல் கட்சிக்கும் இடமில்லை. தேசமெங்கும் இத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ ஐந்நூறு இருக்கின்றன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு ஐந்நூறு வாய்!

இந்தச் சிறு குரலுக்கு எதற்காக அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது என்று கேட்டால், 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தைத்தான் காட்டவேண்டும். மார்க்கோனி தம் கம்பியில்லாத் தந்தியைச் சோதித்துக் காட்டுவதற்குப் பத்து வருஷம் முன்னால் எழுதிய சட்டம் அது. அதன் நான்காவது பிரிவு, தந்தி ஏற்படுத்தி நடத்தும் ஏகபோக உரிமை சர்க்காருக்கே உரியது என்றும், வேறெவரும் நடத்த விரும்பினால் சர்க்கார் வைக்கும் நிபந்தனைக்கும் கேட்கும் கட்டணத்துக்கும் உட்பட்டு லைசென்சு பெறவேண்டும் என்றும் கூறிற்று. கலகக்காரர் கையில் தந்திக் கம்பி சிக்கினால் சாம்ராஜ்யம் என்னாகும் என்று 1857-ஐ நினைத்து நினைத்து நடுங்கியவர்கள் எழுதிய சட்டம் வேறெப்படி இருக்கும்? பின்னால் ரேடியோ வந்தபோது, அதையும் தந்தியின் தம்பி என்று பெயரிட்டு அதே கொட்டிலில் கட்டினார்கள். 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வேறு வந்து, கருவி வைத்திருப்பதற்கே லைசென்சு வேண்டும் என்றது. 1885-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்துக்கு வேறொரு சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது 2023-ல்தான். வெள்ளைக்காரன் போய் எழுபத்தாறு வருஷம் கழித்து!

ரேடியோப் பெட்டி வைத்திருப்பதற்குத் தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கிய காலத்தை நமது வாசகர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாட்டுக் கேட்பதற்கே சீட்டு. 1980-களில் அது ஒழிந்தது. அதனால் தேசத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

உள்ளூர் ரேடியோ என்பது நமக்குப் புதிதுமல்ல. இந்தியாவில் சர்க்கார் ஒலிபரப்பு ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே சென்னையில் அது நடந்திருக்கிறது. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சென்னை ராஜதானி ரேடியோ சங்கத்தை நிறுவி, அந்த வருஷம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். சங்கத்தாரிடம் உற்சாகம் இருந்தது; பணம் இல்லை. மூன்று வருஷத்தில், 1927-ல், கடையைக் கட்டவேண்டியதாயிற்று. அப்போது அவர்கள் செய்த காரியம் நினைவில் வைக்கத் தக்கது. கருவியை விலை பேசி விற்காமல் சென்னை நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். நகரசபை 1930 ஏப்ரலில் தானே ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மாலை வேளையில் சங்கீதம், நகரசபைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று நடந்தது. பெட்டி வாங்க வகையில்லாத ஏழைகள் கடற்கரையில் வைத்த ஒலிபெருக்கியடியில் உட்கார்ந்து கேட்டார்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1927-ல் படாடோபமாக ஆரம்பித்த கம்பெனி 1930-ல் திவாலாகிப் போயிற்று. சென்னையில் குப்பை வாரி விளக்கேற்றும் ஸ்தல ஸ்தாபனமோ எட்டு வருஷம் ரேடியோவையும் நடத்திக் காட்டிற்று. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் திறக்கப்பட்டதும் நகரசபையின் குரல் ஓய்ந்தது. அதன்பின் அறுபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக, தமிழ்நாட்டில் ஓர் ஊர் தன் வாயால் தானே பேசும் வழி அடைபட்டுக் கிடந்தது. திருச்சியும் நெல்லையும் கோவையும் பேசினாலும் அது சர்க்காரின் குரல்தான். அந்தக் குரல் செய்த சேவையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வயலும் வாழ்வும் கேட்டுப் பயிர் வைத்த குடியானவர் எத்தனையோ பேர். ஆனால் சர்க்கார் ஜனங்களுக்குச் சொல்வது ஒன்று; ஜனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு.

லைசென்சே இல்லாமல் பேசிய ரேடியோவும் இந்த தேசத்தில் உண்டு. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் யாவரும் சிறை புகுந்து, பத்திரிகைகளின் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்த வேளையில், பம்பாயில் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயது மாணவியும் அவருடைய தோழர்களும் 42.34 மீட்டரில் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். போலீசார் மோப்பம் பிடிக்கப் பிடிக்க, கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறி வீடு மாறி நவம்பர் 12-ந் தேதி பிடிபடும் வரை பேசினார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறை. அவர் செய்தது குற்றமென்று அன்றைய கோர்ட்டு சொல்லிற்று. இன்று அவரை வணங்காத தேசபக்தர் யார்? அன்று சட்டம் ஒரு பக்கம் இருந்தது, உரிமை மறுபக்கம் இருந்தது. சுதந்திர தேசத்தில் இவ்விரண்டும் ஒரே பக்கம் வந்து நிற்கவேண்டும் என்பதற்காகத்தானே அரசியல் சாசனம் எழுதினோம்?

அவை ஒரே பக்கம் வந்தது 1995 பிப்ரவரி 9-ந் தேதி. கிரிக்கெட் பந்தயத்தை யார் படம் பிடித்து ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் தில்லி சர்க்காருக்கும் நடந்த வழக்கில், வழக்காளிகளே எதிர்பாராத ஒரு பெரிய சத்தியத்தைச் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று: வானலைகள் பொதுச் சொத்து. சர்க்காருக்கு அவற்றின் மேல் ஏகபோகம் கிடையாது. பணம் படைத்தவர்களுக்கும் கிடையாது. பொது ஜன நலத்துக்காகப் பொது அதிகாரி ஒருவர் அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும். கேட்கும் உரிமையும் பேசும் உரிமையும் பிரஜைகளுடையவை. இந்தத் தீர்ப்பின்படி பார்த்தால் தில்லி மந்திரி காரியாலயம் மிராசுதாரல்ல. ஊராரின் சொத்தை ஊராருக்காகப் பார்த்துக்கொள்ளும் தர்மகர்த்தா. கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா சீட்டு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அவர் நிலம் தன்னுடையதென்று நினைத்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா?

இருந்தது. வெகு நாள் சும்மாவே இருந்தது. தீர்ப்பு வந்து ஏழு வருஷம் கழித்து, 2002 டிசம்பரில், கல்வி ஸ்தாபனங்கள் மட்டும் ரேடியோ நடத்தலாம் என்றார்கள். அதன்படி 2004 பிப்ரவரி 1-ந் தேதி சென்னை அண்ணா பல்கலைக் கழகத்து நிலையம் பேச ஆரம்பித்தது. தேசத்தில் இந்த வகையில் அதுவே முதல். தமிழர் இதற்காகப் பெருமைப்படலாம். இதற்கிடையில் தெலுங்கு நாட்டில் ஜாகீராபாத் பக்கம் பஸ்தாபூரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே புன்செய் பூமியில் சிறுதானியம் பயிரிடும் ஹரிஜனப் பெண்கள், தக்ஷிண அபிவிருத்திச் சங்கத்தின் துணையோடு, 1990-களின் கடைசியிலேயே கட்டடமும் கருவியும் ஆயத்தம் செய்துவிட்டார்கள். ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமே அவர்களுக்கு உதவி செய்தது. பேச நிகழ்ச்சியும் இருந்தது: எந்த விதையை எப்படிச் சேமிப்பது, எந்த மழைக்கு எதை விதைப்பது, பாட்டிமார் பாடிய பாட்டு, நாட்டு மருந்து. லைசென்சு மட்டும் இல்லை. என்ன செய்தார்கள்? ஒலிபரப்ப வேண்டியதை நாடாவில் பதிந்து, அந்த நாடாவை ஊர் ஊராகத் தூக்கிப்போய்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். காற்றில் ஒரு நொடியில் போகவேண்டிய பேச்சு கால்நடையாகப் போயிற்று. பத்து வருஷம்! 2006 நவம்பரில் விதி தளர்ந்து, 2008 அக்டோபர் 15-ந் தேதி அவர்களுடைய ‘சங்கம் ரேடியோ’ 90.4-ல் பேசியது. அந்தப் பத்து வருஷத்தில் சொல்லப்படாமல் போன சேதிகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது?

இனிப் புதுப்பிக்கும் விஷயத்துக்கு வருவோம். இப்படி அரும்பாடுபட்டுப் பெற்ற அனுமதி தவணை முடிந்ததும் காலாவதியாகிறது. மீண்டும் மனு, மீண்டும் தஸ்தாவேஜுகள். மனு ஒன்றானாலும் வாசல் பல. ஒலிபரப்பு மந்திரி காரியாலயத்தோடு ஒப்பந்தம் ஒரு வாசல். அலைவரிசை லைசென்சு தரும் தொலைத்தொடர்பு இலாகா வேறு வாசல். சர்க்கார் ஸ்தாபனமல்லாத சங்கமாக இருந்தால் ஆரம்பத்திலேயே உள்துறையும் பாதுகாப்புத் துறையும் தலையசைத்திருக்க வேண்டும். ஒரு பல்கலைக் கழகத்துக்கு இதற்கென்று குமாஸ்தாக்கள் உண்டு. மீனவக் குப்பத்திலோ மலையடிவாரத்திலோ உள்ள சங்கத்துக்கு யார் உண்டு? காலையில் நிகழ்ச்சி பதிந்து, மத்தியானம் இயந்திரம் பழுதுபார்த்து, மாலையில் ஒலிபரப்பும் அதே இரண்டு மூன்று பேர்தான் இரவில் உட்கார்ந்து இங்கிலீஷில் பாரம் நிரப்பவேண்டும்.

பண விஷயத்தையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் செய்யலாம் என்று 2024-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. முன்பு 7 நிமிஷம், அதற்கும் முன்பு 5. பத்து விநாடிக்கு 74 ரூபாய் என்று விகிதம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிஷத்தில் எழுபத்திரண்டு பத்து விநாடிகள். ஆக மணிக்கு 5,328 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் ராஜபோகம்தான். ஆனால் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் விளம்பரம் கொடுக்கக்கூடியவர் யார்? ஒரு விதைக்கடை, ஒரு ஜவுளிக்கடை, திருவிழா சமயத்தில் ஒரு பாத்திரக்கடை. சர்க்கார் விளம்பரம் வந்தால் வரும். வந்த விளம்பரத்துக்குப் பணம் எப்போது வரும் என்பது வேறு விஷயம். இந்த வருமானத்தை நம்பி இயங்கும் நிலையத்தை, லைசென்சு நீடிக்குமா என்ற சந்தேகமும் பிடித்துக்கொண்டால் புது இயந்திரத்துக்கு எவர் நன்கொடை கொடுப்பார்?

இந்த நிலையங்களுக்கு ரோஷமில்லை என்று எண்ண வேண்டாம். 2012-ல் அலைவரிசைக் கட்டணத்தை வருஷத்துக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாயாக ஒரே தாவில் ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் கேட்டவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருஷம் மே மாதத்தில் பல ஊர் ரேடியோக்கள் ஒரு நாள் பேச்சை நிறுத்தி மௌன விரதம் பூண்டன. கடையடைப்புக் கேள்விப்பட்டிருக்கிறோம், காற்றடைப்பு அன்றுதான் நடந்தது. உயர்வு பின்னர் கைவிடப்பட்டது. மகாத்மா கற்றுக்கொடுத்த ஆயுதம் இன்னும் மழுங்கவில்லை என்பதில் நமக்குச் சந்தோஷமே.

பணத்தைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று சீட்டில் இருக்கிறது. ஊர் ரேடியோ செய்தி சொல்லக்கூடாது. ஆகாசவாணி சொன்ன செய்தியை ஓர் எழுத்து மாறாமல் திரும்பச் சொல்லலாம். வானிலை, போக்குவரத்து, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா, மின்சாரம் தண்ணீர் பற்றிய அறிவிப்பு, புயல் வெள்ள எச்சரிக்கை ஆகியவை செய்தியல்லவென்று தயவு செய்து விலக்கியிருக்கிறார்கள். பாம்பனில் மீனவருக்கென்றே 2016-ல் ‘கடல் ஓசை’ என்ற நிலையம் தொடங்கியது. இத்தகைய கரையோர நிலையம், நாளைக் காற்று பலமாக வீசும், கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லலாம். போனவர்களில் இன்னார் எல்லைக்கப்பால் பிடிபட்டார் என்பது செய்தி. அதை ஆகாசவாணி முதலில் சொல்லவேண்டும். கரையில் நிற்கும் மனைவிக்குத் தெரிந்ததை, கரையிலேயே உள்ள ரேடியோ, தில்லிச் செய்தியறிக்கை வழியாக வாங்கித்தான் அவளுக்கே சொல்லவேண்டும் என்றால் இதற்கு என்ன பெயர்? ஊரில் தண்ணீர் இத்தனை மணிக்கு வரும் என்று அறிவிக்கலாம். குழாய் போட்ட பணம் எங்கே போயிற்று என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவர் கேட்டதை அறிவித்தால் அது நடப்பு விவகாரமாகிவிடும். அச்சுப் பத்திரிகை எழுதலாம். ‘டெலிவிஷன்’ இரவெல்லாம் கத்தலாம். கையிலுள்ள போனில் யாரும் எதையும் உலகுக்கே சொல்லலாம். பத்துக் கிலோமீட்டருக்குள் பேசும் ரேடியோ மட்டும் வாய் திறக்கலாகாது. இந்த விதியால் யார் காப்பாற்றப்படுகிறார்கள் என்பது எமக்கு விளங்கவில்லை.

நிபந்தனையும் தவணையும் ஒன்று சேரும்போதுதான் அபாயம். தவணை நெருங்கும் வருஷத்தில் நிலையத்தார் தாமாகவே அடக்கி வாசிப்பார்கள். எந்த அதிகாரியும் மிரட்ட வேண்டியதில்லை. சீட்டு மாறவேண்டுமே என்ற எண்ணமே போதும். கலெக்டரைக் கேள்வி கேட்ட நிகழ்ச்சியை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்வார்; மற்றவர் சரி என்பார். அந்த அடுத்த மாதம் வருவதே இல்லை.

இது வெறும் யூகமென்பாருக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்வோம். யுத்தத்தில் சேர மறுத்த அகிம்சாவாதி லூயி ஹில் என்பவர் 1949 ஏப்ரல் 15-ந் தேதி கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரத்தில் கே.பி.எஃப்.ஏ. என்ற நிலையத்தைத் தொடங்கினார். விளம்பரமில்லை, கேட்பவர்களே சந்தா கொடுத்து நடத்துவது. சகல கட்சிக்காரரும் அங்கே பேசினார்கள். கம்யூனிஸ்டு பேசினான், கம்யூனிஸ்டை வைதவனும் பேசினான். அந்த ஸ்தாபனத்தின் நியூயார்க் நிலையம் 1962-ல் அந்நாட்டு ரகசியப் போலீஸ் இலாகாவைப் பற்றி, அதன் பழைய உத்தியோகஸ்தர் ஒருவரையே பேசவைத்தது. வந்தது வினை. செனட் உபகமிட்டி 1963-ல் நிர்வாகிகளை அழைத்து விசாரித்தது. லைசென்சு புதுப்பிக்கும் மனு கமிஷனிடம் தேங்கிக் கிடந்தது. நீங்கள் கம்யூனிஸ்டா இல்லையா என்று நிர்வாகிகள் எழுதித் தரவேண்டுமென்றுகூடக் கமிஷன் கேட்டுப் பார்த்தது, அவர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் 1964 ஜனவரியில் லைசென்சைப் புதுப்பித்து, சிலருக்குப் பிடிக்காத நிகழ்ச்சி என்பதற்காக லைசென்சு அதிகாரத்தைக்கொண்டு அதைக் காற்றிலிருந்து விரட்டும் உரிமை எவருக்கும் இல்லை என்று கமிஷன் தீர்ப்புச் சொல்லிற்று. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை காலமும் நிலையம் பேசிக்கொண்டேதான் இருந்தது. காலத்தில் மனுக் கொடுத்துவிட்டால், முடிவு தெரியும் வரை பழைய லைசென்சு உயிரோடிருக்கும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அந்த நாட்டிலேயே மறுபக்க உதாரணமும் உண்டு. மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்சன் நகரில் ஒரு ‘டெலிவிஷன்’ நிலையம், அந்த நகரத்து ஜனங்களில் பெரும் பங்கினரான நீக்ரோவர்களின் உரிமைப் போராட்டத்தைத் திரையில் வராமல் மறைத்தது. 1964-ல் அதன் லைசென்சு புதுப்பிக்க வந்தபோது ஒரு கிறிஸ்தவ சபையாரும் உள்ளூர்வாசிகளும் ஆக்ஷேபித்தார்கள். உங்களுக்கு இதில் என்ன பாத்தியதை என்று கமிஷன் அவர்களைத் தள்ளிற்று. 1966-ல் அப்பீல் கோர்ட்டு கமிஷனைத் திருத்தி, கேட்கிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் லைசென்சு விசாரணையில் பாத்தியதை உண்டு என்றது. 1969-ல் அந்த லைசென்சே ரத்தாயிற்று. முதல் கதையில் சர்க்காரிடமிருந்து நிலையத்தைக் காக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் நிலையத்திடமிருந்து ஜனங்களைக் காக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் புதுப்பிக்கும் வேளைதான் களமாக இருந்தது.

ஆகையால் லைசென்சே வேண்டாம், புதுப்பிக்கவே வேண்டாம் என்று வாதிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். அலைவரிசைகள் கொஞ்சம், இருவர் ஒரே அலையில் பேசினால் எவர் பேச்சும் கேளாது. விமானப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஆப்பிரிக்காவில் ருவாண்டா தேசத்தில் 1993-ல் தொடங்கிய ஒரு ரேடியோ, மறு வருஷம், அண்டை வீட்டுக்காரனை வெட்டும்படி பெயரும் இடமும் சொல்லித் தூண்டிவிட்டது. லட்சக்கணக்கானோர் மாண்ட அந்தப் படுகொலையில் ரேடியோ நடத்தியவர்களை 2003-ல் சர்வதேச நியாயஸ்தலம் தண்டித்தது. நம் ஊர்களில் ஜாதிப் பகை, மதப் பகை இல்லையா? விஷம் கக்கும் வாயை அடைக்கும் அதிகாரம் எங்கேயாவது இருந்துதான் தீரவேண்டும். ஆனால் அதற்குக் குற்றச் சட்டம் இருக்கிறது, பதிவு நாடா இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. ஒரு திருடனுக்காக ஊர் முழுவதையும் ஐந்து வருஷத்துக்கொருமுறை ஜாமீன் கேட்கச் சொல்வது நியாயமாகாது.

நாம் வேண்டுவது, புதுப்பிக்கும் விசாரணை அந்த ஊரிலேயே நடக்கவேண்டும் என்பது. நிலையத்தின் தவணை முடிவதற்கு ஆறு மாதம் முன்பு, இன்ன தேதியில் எங்கள் லைசென்சு முடிகிறது, எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள் என்று அந்த ரேடியோவே தினமும் அறிவிக்கட்டும். குறித்த நாளில் கிராமசபைக் கூட்டம்போல் ஒரு கூட்டம் கூடட்டும். கேட்கவேண்டிய கேள்விகள் சொற்பமே. யார் யார் இந்த ஒலிபெருக்கியின் முன் வந்து பேசினார்கள்? சேரிக்காரர் வந்தாரா? பெண்கள் வந்தார்களா? ஆலோசனைக் கமிட்டியில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டுமென்று 2024-ஆம் வருஷத்து விதி சொல்கிறதே, அவர்கள் பெயருக்கு இருந்தார்களா, பேசினார்களா? புயலடித்த இரவில் நிலையம் திறந்திருந்ததா? நிலையத்தை நடத்தும் ஸ்தாபனத்தின் தலைவரைப் புகழ்வதற்கே நேரம் போய்விட்டதா? இந்தக் கடைசிக் கேள்வி அவசியம். சில நிலையங்களில் கல்லூரி முதலாளியின் பிறந்த நாளே பெரிய நிகழ்ச்சி என்பதை நாம் அறியாமலில்லை. அப்படிப்பட்ட நிலையத்துக்கு ஊரார் வேண்டாமென்று சொல்லட்டும்; அந்த அலைவரிசை வேறொரு சங்கத்துக்குப் போகட்டும். தில்லி அதிகாரி அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைகளைப் படித்து, இயந்திரமும் கம்பமும் விதிப்படி இருக்கின்றனவா என்று மட்டும் தாமே சோதித்து, மூன்று மாதத்துக்குள் பதில் தரவேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதன்மேல் அப்பீல் இருக்கவேண்டும். பதில் வரும் வரை நிலையம் பேசிக்கொண்டிருப்பது அதிகாரியின் தயவாக இராமல் உரிமையாக இருக்கவேண்டும். செய்தித் தடையை எடுத்துவிட்டு, அந்த வட்டாரச் செய்தியைச் சொல்ல ஊர் ரேடியோவுக்கு அனுமதி தரவேண்டும். பொய் சொன்னால் பத்திரிகைக்குள்ள அதே சட்டம் ரேடியோவுக்கும் இருக்கட்டும்.

இதெல்லாம் செலவு பிடிக்கும் காரியமென்று சொல்வார்கள். ஒரு கூட்டம் போட வேப்பமரத்தடி போதும்.

பத்து வருஷச் சீட்டு 2024-ல் பெற்றவர்களுக்குத் தவணை 2034-ல் முடியும். அதற்கு இன்னும் காலமிருக்கிறது என்று காரியாலயங்கள் எண்ணலாம். ஐந்து வருஷச் சீட்டில் தொடங்கிய பழைய நிலையங்களுக்கு அவ்வளவு அவகாசமில்லை. அவற்றின் மனுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் தத்தம் தொகுதியில் எத்தனை ஊர் ரேடியோ இருக்கிறது, எதன் தவணை எப்போது முடிகிறது என்று விசாரித்து, இந்த விதியை அடுத்த கூட்டத்திலேயே கேட்கட்டும். தொகுதியில் ஒன்றுமே இல்லையென்று தெரிந்தால், ஏன் இல்லையென்று முதலில் கேட்கட்டும்.